வீட்டைச் சுற்றி ஒரு வெளி

நுழையும்முன்

காடும் மலையும் சூழ்ந்த இடத்தில் வாழ்வது பலருடைய கனவு. அந்தக் காடு எரியத் தொடங்கும் நாளில் வீடு என்னவாகும்? தீயை அணைக்க எவரும் வந்து சேர இயலாத வேளையில் ஒரு வீட்டைக் காக்கக்கூடியது எது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு மலையூர் ஒரே நாளில் சாம்பலானது. அந்த ஊர் உலகுக்குக் கற்பித்த பாடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

மலைமுகட்டில் ஓர் ஊர்

கலிபோர்னியாவின் வடபகுதியில், சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகளில் அமைந்துள்ளது பாரடைஸ் என்னும் ஊர். 'துறக்கம்' என்பது அப்பெயரின் பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 அடி உயரத்தில், இரண்டு ஆழ்ந்த பள்ளத்தாக்குகளுக்கு இடைப்பட்ட நீண்ட முகட்டின்மீது அவ்வூர் பரவியிருந்தது. வானளாவிய பைன் மரங்களும் கருவாலி மரங்களும் வீடுகளுக்கு நிழல் தந்தன. 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 26,218 பேர் வாழ்ந்தனர். பணி ஓய்வு பெற்றோரும் முதியோரும் அவர்களுள் மிகுதி. அமைதியையும் மர நிழலையும் நாடியே பலர் அங்குக் குடியேறியிருந்தனர்.

2018 நவம்பர் 8, காலை ஆறரை மணியளவு. ஊருக்குக் கிழக்கே பல கிலோமீட்டர் தொலைவில், ஒரு மலைச்சரிவில் பழைய மின்கோபுரம் ஒன்றின் தேய்ந்துபோன கொக்கி முறிந்தது. அறுந்த உயர் அழுத்த மின்கம்பி கோபுரத்தில் உரசித் தீப்பொறிகளைச் சிதறியது. இலையுதிர்காலத்தில் பெய்ய வேண்டிய மழை அவ்வாண்டு நவம்பர் பிறந்த பின்னும் பெய்யவில்லை. புல்லும் சருகும் முற்றக் காய்ந்திருந்தன. மலையிலிருந்து பள்ளத்தாக்கை நோக்கி வறண்ட காற்று விசையுடன் வீசிக்கொண்டிருந்தது. எட்டு மணியளவில் தீ ஊரைத் தொட்டுவிட்டது. நண்பகலுக்குள் ஊரின் பெரும்பகுதி எரிந்துகொண்டிருந்தது. 85 பேர் உயிரிழந்தனர். 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

தீ அடங்கியபின் அங்குச் சென்றவர்களை ஒரு காட்சி திகைக்க வைத்தது. வீடுகள் இருந்த இடங்களில் சாம்பலும் புகைபோக்கிகளின் செங்கற்களுமே எஞ்சியிருந்தன. ஆனால், அவற்றுக்கு அருகிலேயே பைன் மரங்கள் பல இடங்களில் பச்சை இலைகளுடன் நின்றன. காட்டுத்தீ ஒரு பெருஞ்சுவராக எழுந்து வந்து ஊரை விழுங்கியிருந்தால், மரங்களல்லவா முதலில் எரிந்திருக்க வேண்டும்? மரம் பிழைக்க, வீடு எரிந்தது எவ்வாறு? இவ்வினாவுக்கான விடையில்தான் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

தீ நடக்கும் விதம்

தீ உண்டாவதற்கு மூன்று தேவை: வெப்பம், எரிபொருள், உயிர்வளி. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் தீ அணைந்துவிடும். எரியத் தொடங்கிய காட்டுத்தீயின் போக்கையும் மூன்றே தீர்மானிக்கின்றன: வானிலை, நிலத்தின் அமைப்பு, எரிபொருள். காற்றை நம்மால் நிறுத்த இயலாது. மலையைச் சமவெளியாக்க இயலாது. மனிதர் கைக்கு எட்டுவது எரிபொருள் ஒன்றே. காய்ந்த புல், சருகு, புதர், மரம் ஆகியவற்றோடு நாம் கட்டிய வீடும் தீயின் பார்வையில் எரிபொருள்தான்.

மலையில் தீக்கு ஒரு தனி இயல்பு உண்டு. வெள்ளம் மேலிருந்து கீழே விரையும். தீயோ கீழிருந்து மேலே விரையும். சரிவில் எழும் சுடர் மேற்புறமுள்ள செடிகொடிகளை நெருங்கிச் சாய்கிறது. தான் சென்று சேரும் முன்னரே அவற்றை உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. எனவே, சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் வேகமும் கூடுகிறது. மலைமுகட்டில் வீடு கட்டுவோர் விரும்பித் தேடும் அழகிய பள்ளத்தாக்குக் காட்சியே, தீ ஏறிவரும் வழியாகவும் அமைந்துவிடுகிறது.

தரையில் ஊர்ந்து செல்லும் தீயைத் தரைத்தீ என்பர். மரங்களின் உச்சிக்குத் தாவி, முடிக்கு முடி பரவும் தீ உச்சித்தீ எனப்படும். தரைத்தீ தானாக உச்சிக்கு ஏறிவிடுவதில்லை. அதற்கு ஏணி வேண்டும். புல்லிலிருந்து புதர், புதரிலிருந்து தாழ்ந்த கிளை, கிளையிலிருந்து உச்சி எனப் படிப்படியாக அமைந்த தாவரங்களே அந்த ஏணி. ஒரு படியை நீக்கினால்கூடத் தீயின் ஏற்றம் தடைப்படும்.

சுவரா, பொறியா?

காட்டுத்தீயில் வீடுகள் எவ்வாறு எரிகின்றன என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர், அமெரிக்க வனப்பணித் துறையின் அறிவியலறிஞர் ஜாக் கோஹன். 1990களின் பிற்பகுதியில் கனடாவின் வடமேற்கு நிலப்பகுதியில் ஆய்வுக்காகவே காட்டில் உச்சித்தீ மூட்டப்பட்டது. அத்தீயிலிருந்து வெவ்வேறு தொலைவுகளில் மரச்சுவர்கள் நிறுத்தப்பட்டன. பத்து மீட்டர் தொலைவில் நின்ற சுவர்களுள் சில தீப்பற்றின. இருபது, முப்பது மீட்டர் தொலைவில் நின்றவை தீப்பற்றவில்லை.

இம்முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. உச்சித்தீயின் வெப்பம் கடுமையானதே. ஆனால், ஓரிடத்தில் அது கொழுந்துவிட்டு எரியும் நேரம் மிகக் குறைவு. தடித்த மரம் பற்றிக்கொள்ளத் தேவையான வெப்பம் சேர்வதற்குள் அத்தீ தன் எரிபொருளைத் தின்று தீர்த்துவிடுகிறது. அவ்வாறாயின், காட்டிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் வீடுகளும் எரிவது எதனால்?

அதற்குக் காரணம் கங்குகள். எரியும் மரப்பட்டைகளும் சுள்ளிகளும் கூம்புக்காய்களும் வெப்பக் காற்றால் மேலே தூக்கப்பட்டு, பலத்த காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறந்து செல்கின்றன. மழைபோல் பொழியும் அக்கங்குகள் பெரும்பாலும் கல்லிலும் மண்ணிலும் விழுந்து அவிந்துபோகின்றன. ஒன்று மட்டும் கூரைத் தூம்பில் குவிந்த சருகில் விழுகிறது. இன்னொன்று கதவருகே கிடக்கும் தென்னைநார் மிதியடியில் விழுகிறது. மற்றொன்று காற்றுத்துளை வழியே கூரையின் உட்புறத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே விளக்குச் சுடரளவில் பிறக்கும் தீயை ஒரு குடம் நீரால் அணைத்துவிடலாம். ஆனால், அணைப்பதற்கு அங்கு எவரும் இருப்பதில்லை. சில நிமிடங்களில் வீடு பற்றிக்கொள்கிறது.

பச்சை மரம் நிற்க, வீடு எரிந்த புதிருக்கு விடை இதுவே. தீ வீட்டைத் தேடி வரவில்லை. தன்னை ஏற்கும் இடத்தை வீடே ஆயத்தமாக வைத்திருந்தது.

காப்பு வெளியின் மூன்று வளையங்கள்

தீயை ஏற்கும் இடங்களை முன்னரே நீக்கி, வீட்டைச் சுற்றி அமைக்கும் பரப்பே காப்பு வெளி. இதனை வெட்ட வெளி என்று கருதுதல் கூடாது. மரங்களையெல்லாம் வீழ்த்தித் தரையை மொட்டையாக்குவது இதன் நோக்கமன்று. அவ்வாறு செய்தால் மலைச்சரிவில் மண்ணரிப்பு ஏற்படும். தீ வந்தாலும் உயரம் குன்றி, விரைவு குன்றி வருமாறு தாவரங்களை ஒழுங்குபடுத்துவதே காப்பு வெளி. கலிபோர்னியாவில் இத்தகைய வெளியைப் பேணுவது சட்டக் கடமை. முன்பு 30 அடியாக இருந்த அளவு, 2005 ஆம் ஆண்டு முதல் 100 அடியாக உயர்த்தப்பட்டது. அவ்வெளி மூன்று வளையங்களாகப் பகுத்துக் காணப்படுகிறது.

முதல் வளையம் சுவரிலிருந்து 5 அடி வரை. இங்கு எரியக்கூடியது எதுவும் இருத்தலாகாது. சரளைக்கல், கற்பலகை, வெறும் மண் ஆகியவை ஏற்றவை. சன்னலோரப் புதர், மரப்பட்டைத் தூள் பரப்பிய பாத்தி, சுவரைத் தொடும் மரவேலி, திண்ணையில் அடுக்கிய விறகு ஆகியவை நீக்கப்பட வேண்டியவை. மூன்றனுள் மிகச் சிறியது இவ்வளையம். மிகுந்த பயன் தருவதும் இதுவே. சுவரின் அடியில் விழும் கங்குக்கு உணவு கிடைக்காமற் செய்வது இதன் பணி. 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கலிபோர்னியச் சட்டம் ஒன்று இந்த ஐந்தடிப் பகுதியைத் தனி வளையமாக வகுக்க வழிசெய்தது.

இரண்டாம் வளையம் 5 அடி முதல் 30 அடி வரை. இது தூய்மையும் இடைவெளியும் பேண வேண்டிய பகுதி. காய்ந்த செடிகளும் சருகுகளும் அகற்றப்பட வேண்டும். கூரைமீது கவிந்த கிளைகள் வெட்டப்பட வேண்டும். புகைபோக்கிக்கும் கிளைக்கும் இடையே 10 அடி இடைவெளி தேவை. விறகடுக்கு இவ்வளையத்துக்கு அப்பால் இருத்தல் வேண்டும். செடிகளைத் திட்டுத் திட்டாக, இடையே நடைபாதை விட்டு வளர்க்கலாம். ஒரு திட்டில் பற்றிய தீ அடுத்த திட்டைத் தொடாமல் அங்கேயே ஓய்ந்துவிடும்.

மூன்றாம் வளையம் 30 அடி முதல் 100 அடி வரை. இங்குக் காடு காடாகவே இருக்கலாம். ஆனால், நெருக்கம் குறைந்த காடாக இருக்க வேண்டும். புல்லை நான்கு அங்குல உயரத்துக்கு மிகாமல் வெட்ட வேண்டும். மரங்களின் தாழ்ந்த கிளைகளைத் தரையிலிருந்து ஆறடி உயரம் வரை கழிக்க வேண்டும். மரத்தின் கீழ்ப் புதர் இருந்தால், அப்புதரின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி அதற்கும் கிளைக்கும் இடையே வேண்டும். ஐந்தடிப் புதருக்கு மேலே பதினைந்து அடிக்குக் கிளை இருத்தலாகாது. தீ ஏறும் ஏணியின் படிகளை நீக்கும் வேலை இதுதான்.

சரிவுக்கேற்ப இவ்வளவுகள் மாறும். சமதரையில் இரு மரங்களின் முடிகளுக்கு இடையே 10 அடி போதும். நடுத்தரச் சரிவில் 20 அடியும் செங்குத்தான சரிவில் 30 அடியும் வேண்டும். வீட்டின் மேற்புறத்தைவிடக் கீழ்ப்புறச் சரிவிலேயே கூடுதல் கவனம் தேவை. தீ ஏறிவரும் திசை அதுவே.

தெரிந்து தெளிவோம்

பாரடைஸை அழித்த தீ, 'கேம்ப் தீ' என வழங்கப்படுகிறது. அது தோன்றிய இடத்தருகே சென்ற 'கேம்ப் கிரீக்' என்னும் சாலையின் பெயரால் இப்பெயர் ஏற்பட்டது. ஒன்றரை இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பை எரித்த அத்தீ, பதினேழு நாள்களுக்குப்பின் நவம்பர் 25 அன்றே முழுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது.

வீடும் ஓர் எரிபொருள்

சுற்றுப்புறத்தைச் சீர்செய்துவிட்டு வீட்டை அப்படியே விடுவது, வேலியை அடைத்துவிட்டு வாயிலைத் திறந்துவைப்பது போன்றது. எரியாத பொருளால் வேயப்பட்ட கூரை, சருகு சேராத தூம்பு, சிறுகண் கம்பிவலை பொருத்திய காற்றுத்துளைகள், இரட்டைக் கண்ணாடிச் சன்னல்கள் ஆகியவை வீட்டுக்குக் கவசமாகின்றன. சாதாரணக் கண்ணாடி வெப்பத்தில் வெடித்து, கங்குகளுக்கு வழிதிறந்துவிடும்.

பாரடைஸில் அழிந்த வீடுகளையும் பிழைத்த வீடுகளையும் ஒப்பிட்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தனர். 1997 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீடுகளுள் 11.5 விழுக்காடே தப்பின. அவ்வாண்டிலும் அதற்குப் பின்னரும் கட்டப்பட்டவற்றுள் 38.5 விழுக்காடு தப்பின. புதிய வீடுகளின் பொருள்களும் அமைப்பும் ஓரளவு உதவின என்பதை இது காட்டுகிறது. எனினும், புதிய வீடுகளிலும் பாதிக்கு மேல் எரிந்தன என்பதையும் நாம் மறத்தலாகாது. ஏன் அவை எரிந்தன?

அண்டை வீடு

அதே ஆய்வு இதற்கும் விடை கூறுகிறது. எரிந்துபோன மற்றொரு வீட்டுக்கு மிக அருகில் இருந்த வீடுகளே பெரிதும் அழிந்தன. உச்சித்தீ ஓரிடத்தில் மிகக் குறைந்த நேரமே கொழுந்துவிடும் என்று கண்டோம். ஆனால், ஒரு வீடு பற்றினால் அது மணிக்கணக்கில் எரியும். அதன் வெப்பம் அடுத்த வீட்டின் சன்னலை உடைக்கும். அதிலிருந்து எழும் கங்குகள் தெருமுழுதும் சிதறும். ஊருக்குள் நுழைந்தபின் தீக்குக் காடு தேவைப்படவில்லை. வீடுகளே அதற்குக் காடாயின.

ஒருவர் தம் முற்றத்தை எவ்வளவு செம்மையாகப் பேணினாலும், பத்தடிக்கு அப்பால் இருக்கும் வீட்டின் கூரையில் சருகு குவிந்திருந்தால் அவருடைய உழைப்பு வீணாகலாம். பல இடங்களில் ஒரு வீட்டுக்குரிய நூறடி வெளி மூன்று நான்கு குடும்பங்களின் நிலங்களில் விரிகிறது. ஆகவே, காப்பு வெளி என்பது தனிமனிதர் வேலையாகத் தொடங்கி ஊர்வேலையாக நிறைவெய்துகிறது.

இங்கே இடர்ப்பாடுகளும் உண்டு. நிழலுக்காகவே மலைக்கு வந்தவர் மரத்தை வெட்ட மனம் ஒப்புவதில்லை. முதியவர்களால் கூரையேறிச் சருகு வார இயலாது. வறியவர்களிடம் கூரையை மாற்றப் பணம் இருப்பதில்லை. பாரடைஸ் தீயில் உயிரிழந்தோருள் பெரும்பாலோர் முதியோர் என்பது, இந்தத் துயரத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. அண்டை வீட்டு மூதாட்டியின் முற்றத்தைக் கூட்டித் தருவது இரக்கச் செயல் மட்டுமன்று. அது தன் வீட்டையும் காக்கும் செயல்.

தீயை அறிந்தோர்

ஐரோப்பியர் குடியேறும் முன் அம்மலைகளில் வாழ்ந்தவர்கள் மைடு இனத்துப் பழங்குடியினர். அவர்கள் தக்க பருவத்தில் சிறுசிறு பகுதிகளாகத் தீமூட்டிக் காட்டின் அடிநிலத்தைச் சீர்செய்து வந்தனர். கருவாலிக் கொட்டைகளைத் திரட்டவும், கூடைமுடையும் தளிர்களைப் பெறவும் அது உதவியது. கலிபோர்னியாவில் 1850 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், புல்வெளிக்குத் தீமூட்டுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. பின்னர், எந்தத் தீயாயினும் கண்ட மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்க வேண்டும் என்பதை அமெரிக்க வனப்பணித் துறை 1935 ஆம் ஆண்டில் கொள்கையாக்கியது.

இதன் விளைவு எதிர்பாராதது. சிறுதீக்கள் தடுக்கப்பட்டதால் சருகும் புதரும் ஆண்டுதோறும் சேர்ந்தன. சிறுதீயை மறுத்த காடு பெருந்தீக்கு உணவாயிற்று. இன்று அறிவியலாளர்களும் பழங்குடியினரும் இணைந்து, கட்டுப்பாட்டுடன் தீமூட்டும் முறையை மீண்டும் நடைமுறைக்குக் கொணர முயல்கின்றனர்.

வெளி மட்டும் போதுமா?

காப்பு வெளி வீடு பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுமேயன்றி, உறுதியளிக்காது. வெளியேறுமாறு அறிவிப்பு வந்தபின் வீட்டைக் காக்கத் தங்குவதற்கான உரிமமாக அதனைக் கருதுவது பெரும்பிழை. பாரடைஸின் முதன்மைச் சாலையான ஸ்கைவேயில் அன்று ஊர்திகள் நகர இயலாமல் நின்றன. சிலர் ஊர்திகளைக் கைவிட்டு நடந்தே ஓடினர். ஆகவே, வெளியேறும் வழிகள், எச்சரிக்கை முறை, முதியோரை அழைத்துச் செல்லும் ஏற்பாடு ஆகியவையும் ஊரின் காப்பில் அடங்கும். 2020 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாரடைஸின் மக்கள்தொகை 4,764 மட்டுமே. திரும்பி வந்தவர்கள் எச்சரிக்கை ஒலிக்கோபுரங்களுடனும், நிலத்தடியில் பதிக்கப்பட்ட மின்வடங்களுடனும் தம் ஊரை மெல்ல மெல்ல மீட்டெடுத்து வருகின்றனர்.

நம் மலைகளுக்கும் இது பொருந்தும். அதே 2018 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல்வெளியில் ஏறிவந்த தீ மலையேற்றம் சென்றவர்களின் உயிர்களைப் பறித்தது. கோடைக்கு முன் நம் வனத்துறையினர் காடுகளில் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகின்றனர். வைக்கோற்போரை வீட்டைவிட்டுத் தள்ளி அமைக்கும் வழக்கமும் நம் சிற்றூர்களில் உண்டு. பெயரிடாமலே நம் முன்னோர் பேணிய காப்பு வெளி அது.

தீயணைப்பு ஊர்தி வந்து சேரும் முன், ஊர் பற்றி எரியும் அந்த ஒரு மணி நேரத்தில், வீட்டின் தலைவிதியைத் தீர்மானிப்பது அன்று செய்யும் செயலன்று. வெயிலேறும் முன்னர் ஒரு ஓய்வுநாளில் கையில் துடைப்பத்துடன் செய்த வேலையே அதைத் தீர்மானிக்கிறது. சருகை வாரிய அந்தக் கை, தன் வேலிக்கு அப்பாலும் நீளுமானால் ஊர் பிழைக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டையோ பள்ளியையோ சுற்றி ஐந்தடித் தொலைவுக்குள் உள்ள எரியக்கூடிய பொருள்களைப் பட்டியலிட்டு, வரைபடத்தில் குறித்துக் காட்டுக.

2. 'என் வீட்டின் காப்பு, அண்டை வீட்டாரின் கையிலும் இருக்கிறது' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. காட்டில் சிறுதீயை முற்றிலும் தடுத்தது பெருந்தீக்கு வழிவகுத்தது எவ்வாறு என்பதை ஒரு பக்க அளவில் விளக்கி எழுதுக.